பழைய இரும்பு என்று விற்க முன் நம்பரைப் பாருங்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வளவுக்குள்ளே பழைய பெக்கோ, டோசர், டிரெக்டர், நெல் மில் இஞ்சின் என்று ஏதாவது கிடக்கிற வீட்டார் அவசியம் வாசியுங்கள். அப்படி ஒரு வீட்டைத் தெரிந்தவர்கள் அவர்களுக்கு அனுப்பி விடுங்கள்.

கணிதம் படிப்பிக்கிற ஒரு டீச்சருக்கு இஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்கலாம். நேரிலேயே கேட்டிருக்கிறார்கள், அதைப் பிறகு சொல்கிறேன். என் வாப்பா முப்பது வருஷத்துக்கு மேல் டீசல் இஞ்சின் வேலை செய்தவர். அவருடைய பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. இலக்கம் அவருக்கு நன்றாக வரும், பிஸ்டன் அளவையெல்லாம் மனக்கணக்கில் சொல்வார். ஆங்கில எழுத்துத்தான் வராது. இஞ்சின் நம்பரோ எழுத்தும் இலக்கமும் கலந்து வருவது. அதனால் பின்னேரங்களில் என்னைக் கராஜுக்குக் கூப்பிடுவார். "மகள், இது பீயா எட்டா பாருங்க" என்பார். நான் வாசிக்க வாசிக்க அவர் கிரீஸ் கையால் தடவிப் பார்ப்பார். பிறகு நான் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைப்பேன். திகதி, ஆளுடைய ஊர், மெசினின் பெயர், இஞ்சின் நம்பர், போட்ட பாகம். அப்படி நான்கு கொப்பி இருக்கிறது. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சியில் இருந்த காலத்தில்கூட லீவுக்கு வந்தால் அந்தக் கொப்பிதான் என் வேலை.

வாப்பா மௌத்தாகி ஐந்து வருஷம். இப்போது அவரைத் தேடி வந்தவர்களில் சிலர் நம்பரைப் போட்டோ பிடித்து எனக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை விட எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

எங்கள் பகுதிக்குப் பெரிய மெசின்கள் புதிதல்ல. 1949இல் இங்கினியாகலையில் கல்லோயா அணைக்கட்டு வேலை தொடங்கியபோது மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி பெரிய இயந்திரங்களோடு வந்து இறங்கியது. காடு வெட்டி வட்டை ஆக்கிய காலம் அது. அதற்குப் பிறகு டிரெக்டர், நெல் மில், வாய்க்கால் வெட்டும் மெசின், சுனாமிக்குப் பிறகு வீட்டுக்கு வீடு பெக்கோ என்று வந்துகொண்டே இருந்தது. 2020இல் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, யாரும் திரும்பிப் பார்க்காத பழைய இஞ்சின்களுக்கும் மதிப்பு வந்துவிட்டது. மதிப்பு வந்த இடத்தில் ஏமாற்றும் வந்துவிட்டது.

*முதலில், எது நம்பர்?*

ஒரு பழைய இஞ்சினைச் சுற்றிப் பார்த்தால் பல இடத்தில் இலக்கம் தெரியும். எல்லாம் சீரியல் நம்பர் இல்லை. மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, புடைத்து நிற்கிற எழுத்து. இது இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும்போதே வந்தது. அந்த அச்சில் வார்த்த எல்லாப் பிளொக்கிலும் இதே எழுத்துத்தான் இருக்கும். இது ஆயிரக்கணக்கான இஞ்சினுக்குப் பொதுவானது. பள்ளிக்கூடத்துப் பெயரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை வைத்துப் பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு வருகிற போட்டோக்களில் பாதி இதுதான், ஏனென்றால் பெரிதாகவும் தெளிவாகவும் தெரிவது இதுதான்.

இரண்டு, தகடு. அலுமினியத்திலோ பித்தளையிலோ ஒரு சின்னத் தகடு, ரிவெட் அடித்து வைத்திருப்பார்கள். இதில் நம்பர், மொடல், சில வேளை வால்வ் இடைவெளி, குதிரை வலு எல்லாம் இருக்கும். நல்ல தகவல்தான். ஆனால் தகட்டைக் கழற்றி இன்னொரு இஞ்சினில் அடிக்க இரண்டு நிமிஷம் போதும். ரிவெட் புதிதாக மினுங்கினால், அல்லது ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூ இருந்தால், தகட்டை மட்டும் நம்பாதீர்கள்.

மூன்று, குத்தின நம்பர். பிளொக்கின் பக்கத்தில் மெசினில் சீவிச் சமப்படுத்தின ஒரு சிறிய தட்டை இடம் இருக்கும். இரண்டு விரல் அகலம். அதில் எழுத்து எழுத்தாகப் பஞ்ச் அடித்திருப்பார்கள். அந்த இஞ்சினின் தலையெழுத்து அதுதான். பெரும்பாலும் பெயின்ட், கிரீஸ், மண் எல்லாம் மூடிக் கிடக்கும்.

*அதை எப்படி எடுப்பது?*

கிரைண்டரைத் தொடவே கூடாது. அரத்தாலும் தேய்க்க வேண்டாம். மண்ணெண்ணெயோ டீசலோ துணியில் நனைத்து அரை மணித்தியாலம் அந்த இடத்தில் வைத்துவிடுங்கள். பிறகு பழைய பல் பிரஷ், அதற்கும் வராவிட்டால் பித்தளைக் கம்பி பிரஷ். நன்றாகத் துடைத்துக் காய்ந்ததும் ஒரு வெள்ளை சோக்கை அதன் மேல் படுக்க வைத்துத் தேய்த்து, விரலால் துடைத்து விடுங்கள். பள்ளத்துக்குள்ளே சோக் தங்கி எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். எங்கள் வீட்டில் சோக்குக்குப் பஞ்சமில்லை.

போட்டோ எடுக்கும்போது ஃப்ளாஷ் போடாதீர்கள். நேராக வெளிச்சம் அடித்தால் பள்ளம் தெரியாது. ஒரு ஆள் டோர்ச்சைப் பக்கவாட்டில் சரித்துப் பிடிக்க, மற்ற ஆள் போட்டோ எடுக்க வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள், சின்ன வயதில் சில்லறைக் காசைத் தாளில் பதித்தோமே அதேபோல.

எழுத்தையும் இலக்கத்தையும் விட்டுவிடாமல், இடைவெளி உட்பட, இருக்கிறபடியே எழுதுங்கள். "முன்னுக்கு என்னவோ ரெண்டு எழுத்து இருந்திச்சு, நம்பர் இதுதான்" என்று சொல்பவர்களுக்கு என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. அந்த இரண்டு எழுத்தில்தான் பாதிக் கதை இருக்கிறது. எப்படி என்று கீழே பாருங்கள்.

*பேர்க்கின்ஸ்*

எங்கள் பக்கத்தில் அதிகம் இருப்பது இதுதான். 1932இல் இங்கிலாந்தின் பீற்றர்பரோ நகரில் ஃபிராங்க் பேர்க்கின்ஸ் தொடங்கிய கம்பனி. இவர்களுடைய மொடல் பெயரே ஒரு கணக்கு. 4.236 என்றால் நான்கு சிலிண்டர், மொத்தக் கொள்ளளவு 236 கன அங்குலம், கிட்டத்தட்ட 3.9 லீற்றர். 6.354 என்றால் ஆறு சிலிண்டர், 354 கன அங்குலம். மெஸி பேர்கசன் 240 டிரெக்டரில் வருவது 3.152 வகை. மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம்.

1974இல் இருந்து இவர்கள் நம்பருக்கு ஒரு ஒழுங்கு வைத்தார்கள். ஒரு மாதிரிக்கு இப்படி எழுதிப் பார்ப்போம்: எல்.டி 12345 யூ 678901 ஈ. ஐந்து துண்டாக உடையுங்கள்.

எல்.டி என்பது இஞ்சின் குடும்பம். எல்.டி என்றால் 4.236. எல்.ஜே என்றால் அதே இஞ்சின், டேர்போ போட்டது.

அடுத்த இலக்கம் பாகப் பட்டியலின் எண். இது மிக முக்கியம். அதே 4.236 டிரெக்டரிலும் வரும், ஃபோர்க்லிஃப்டிலும் வரும், ஜேசீபி 3சீஎக்ஸ் பெக்கோவின் ஆரம்ப வருஷங்களிலும் வரும், போட்டிலும் வரும். உள்ளே பிஸ்டன் ஒன்றுதான். ஆனால் எண்ணெய்ச் சட்டி வேறு, ஃப்ளைவீல் மூடி வேறு, டீசல் பம்பின் அமைப்பு வேறு. எந்த மெசினுக்காகக் கட்டினது என்பதைச் சொல்வது இந்த எண்தான்.

யூ என்றால் இங்கிலாந்தில் கட்டினது. வேறு நாட்டில் கட்டினால் அந்த இடத்தில் வேறு எழுத்து.

அதற்குப் பிறகு வருவதுதான் வரிசை எண். கடைசி எழுத்து வருஷம். ஏ என்றால் 1974, பி 1975, சி 1976, டி 1977, ஈ 1978, எஃப் 1979. இப்படியே போகும். ஒன்றோடும் பூச்சியத்தோடும் குழம்பக் கூடிய ஐ, ஓ போன்ற எழுத்துகளை விட்டுவிட்டார்கள். எழுத்து முடிந்து 1994இல் மறுபடி ஏயில் தொடங்கினார்கள். அப்படியானால் ஏ என்பது 1974ஆ 1994ஆ? அதற்குத்தான் முன்னால் உள்ள இரண்டு எழுத்து. ஏ.ஏ, ஏ.பி என்று தொடங்கினால் அது பிறகு வந்த 1004 வகை, 1974இல் அப்படி ஒரு இஞ்சினே இல்லை. ஆகவே 1994. முன்னும் பின்னும் சேர்த்து வாசித்தால்தான் விடை வரும். 1974க்கு முந்திய நம்பர்களில் இந்த வருஷ எழுத்து இருக்காது. 236, 354 என்ற கொள்ளளவு எண்ணே முன்னுக்கு நிற்கும்.

இன்னொன்று. மெசினின் நிறத்தை வைத்து இஞ்சினை முடிவு செய்யாதீர்கள். கட்டர்பில்லர் 416 பெக்கோவின் ஆரம்ப மொடலில் இருந்தது பேர்க்கின்ஸ் 4.236தான். பிறகு 1998இல் பேர்க்கின்ஸ் கம்பனியையே கட்டர்பில்லர் வாங்கிவிட்டது.

*இந்த எழுத்து ஒரு வீட்டில் என்ன செய்தது*

போன வருஷம் எங்கள் ஊர்த் தாத்தா ஒருவர் கோல் எடுத்தார். கணவர் மௌத்தாகி இத்தா முடிந்து சில வாரம். மூன்று பிள்ளைகள், மூத்தவள் ஏ.எல். அவர் பெக்கோ ஓட்டியவர். மெசினைக் கடனுக்காக விற்றாகிவிட்டது. வளவின் மூலையில் ரெஜிஃபோம் மூடி ஒரு இஞ்சின் கிடந்தது, எப்போதோ உதிரிக்காக வாங்கிப் போட்டது. பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்து, "பேர் ஊர் தெரியாத இஞ்சின், கிலோக் கணக்குத்தான்" என்று ஒரு தொகை சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் லொறி வருகிறது.

"தங்கச்சி, ஒங்கட வாப்பா இரிந்திருந்தா அவருக்கிட்ட கேட்டிருப்பன். எனக்கு ஒண்டும் விளங்குதில்ல" என்றார்.

அசர் தொழுதுவிட்டு என் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். புடைத்த எழுத்து ஒன்று இருந்தது, தகடு இல்லை. மண்ணெண்ணெய் துணியை வைத்துவிட்டுத் தாத்தாவோடு தேத்தண்ணி குடித்தோம். பிறகு சோக் போட்டால் எல்.டியும், நடுவில் யூவும், கடைசியில் ஈயும் தெளிவாக எழும்பி வந்தது. 1978இல் இங்கிலாந்தில் கட்டின 4.236. பேரும் இருக்கிறது, ஊரும் இருக்கிறது, பிறந்த வருஷமும் இருக்கிறது. தம்பி ஃப்ளைவீலில் கம்பி போட்டுத் திருப்பிப் பார்த்தான், இறுகவில்லை, சுற்றியது.

லொறிக்கு வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னோம். நம்பர் முழுவதையும் வாப்பாவுடைய பழைய கூட்டாளிமார் இரண்டு பேருக்கு அனுப்பினேன். பதினொரு நாளில் ஆள் கிடைத்தது. அவருடைய பெக்கோவின் பிளொக் வெடித்து நாலு மாதமாக மெசின் நின்றுபோய் இருந்தது. பட்டியல் எண்ணைப் பார்த்து, தன் மெசினுக்கு எதை மாற்ற வேண்டும், எதை மாற்றத் தேவையில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் வந்தார். இரும்பு விலையின் நாலு மடங்குக்கு மேல் கொடுத்தார். மூத்தவளின் டியூசன் காசு அந்த வருஷத்துக்கு அடைந்தது.

இரும்பு வியாபாரியைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அவர் நிறுத்து வாங்குபவர், நிறுத்துத்தான் விலை சொல்வார். பெயர் தெரியாத பொருளுக்கு நிறைதான் விலை. பெயரைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை.

*மற்றக் கம்பனிகள்*

கட்டர்பில்லரில் இலக்கத்துக்கு முன்னால் உள்ள குறியீடுதான் எல்லாம். 1931இல் இவர்கள் விற்ற முதல் டீசல் டிரெக்டரின் சீரியல் 1சீ1. முதல் வகை 1சீ, அதில் முதலாவது. இதே முறை நெடுங்காலம் தொடர்ந்தது. டீ8எச் டோசர் என்றால் 46ஏ என்று தொடங்கும், அதற்குப் பின் வந்த டீ8கே என்றால் 77வீ. இரண்டுக்கும் பிறகு 1234 என்றே வரலாம். முன்னால் உள்ளதை விட்டுவிட்டு 1234 என்று சொல்லிப் பாகம் கேட்டால் கடைக்காரர் எதைத் தருவார்? அத்தோடு, மெசினுக்கு ஒரு சீரியல், அதில் இருக்கிற இஞ்சினுக்கு வேறொரு சீரியல். பிஸ்டன், லைனர், கெஸ்கட் கேட்கும்போது இஞ்சினுடையதைத்தான் கொடுக்க வேண்டும். மொடல் பெயரில் 3304 என்றால் கடைசி இலக்கம் நான்கு சிலிண்டர், 3306 என்றால் ஆறு, 3412 என்றால் பன்னிரண்டு.

டிட்ரொயிட் டீசல் என்று ஒன்று, பழைய கிரேன்களிலும் போட்டுகளிலும் இருந்தது. இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சின், அதன் சத்தமே வேறு. 6-71 என்றால் ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம். இங்கே 71 என்பது மொத்தம் இல்லை, ஒரு சிலிண்டருக்கு. மொத்தம் வேண்டுமானால் பெருக்க வேண்டும், 426. இதன் சீரியல் 6ஏ என்று தொடங்கும். வீ வடிவத்தில் எட்டு சிலிண்டர் உள்ள 8வீ-71 என்றால் 8வீஏ.

கம்மின்ஸில் என்.டி. 855 என்றால் டீ டேர்போ, 855 மொத்தக் கன அங்குலம், 14 லீற்றர். நடுவில் ஏ சேர்ந்து என்.டி.ஏ என்றால் டேர்போவில் இருந்து வரும் காற்றைக் குளிராக்கி உள்ளே விடும் அமைப்பும் உண்டு. இவர்களுடைய தகட்டில் சீரியலோடு சீ.பி.எல். என்று ஒரு எண் இருக்கும். எந்தப் பிஸ்டன், எந்த நோசில், எந்த டேர்போ சேர்த்துக் கட்டினது என்பதற்கான பட்டியல் எண் அது. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜப்பான் மெசின்களில் கொமாட்சு எஸ்6டி125 என்றால் எஸ் டேர்போ, 6 சிலிண்டர், டி டீசல், 125 என்பது சிலிண்டரின் விட்டம் மில்லிமீற்றரில். பாருங்கள், பேர்க்கின்ஸில் கடைசி எண் மொத்தக் கொள்ளளவு, டிட்ரொயிட்டில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு, கொமாட்சுவில் விட்டம். ஒரு கம்பனியின் முறையை இன்னொன்றில் போட்டுப் பார்த்தால் கணக்குப் பிழைக்கும். ஹிட்டாச்சி ஈஎக்ஸ்200 எக்ஸ்கவேட்டரின் முதல் மொடலில் இருப்பது இசுசு 6பிடி1. அதனால் நம்பரைத் தேடும்போது ஹிட்டாச்சியிடம் அல்ல, இசுசுவின் முறையில் தேட வேண்டும்.

பழைய ஃபோர்ட் டிரெக்டர்களில் திகதியையே குத்தி வைத்திருப்பார்கள். 7சீ12பி என்றால் 7 வருஷம், சீ மூன்றாம் மாதம், 12ஆம் திகதி, பி இரண்டாவது வேலை முறை. ஆனால் வருஷத்தின் கடைசி இலக்கம் மட்டும்தான் உண்டு. 1967ஆ 1977ஆ என்பதை மொடலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த உதாரணத்தை நான் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதிக் கொடுப்பேன். பின்வாங்கில் இருக்கிற, கணிதம் என்றால் முகம் சுளிக்கிற பிள்ளைகள்தான் முதலில் விடை சொல்வார்கள். அவர்களில் பலருடைய வாப்பாமார் டிரெக்டர் ஓட்டுபவர்கள்.

*சீரியல் நம்பரை வைத்து ஒரு யுத்தக் கணக்கு*

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜேர்மனி மாதத்துக்கு எத்தனை டாங்கி செய்கிறது என்பது நேச நாடுகளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. உளவுத் தகவல் ஒன்று சொன்னது. கணித அறிஞர்கள் வேறு வழியில் போனார்கள். பிடிபட்ட டாங்கிகளின் கியர் பொக்ஸ், இஞ்சின், செசி ஆகியவற்றில் குத்தியிருந்த சீரியல் நம்பர்களைச் சேர்த்து எடுத்துக் கணக்குப் போட்டார்கள். 1942 ஓகஸ்ட் மாதத்துக்கு உளவுத் தகவல் சொன்னது 1550. சீரியல் நம்பர் கணக்குச் சொன்னது 327. யுத்தம் முடிந்து ஜேர்மன் பதிவேட்டைப் பார்த்தபோது உண்மை எண் 342.

கணக்கு மிக எளிது. கிடைத்த நம்பர்களில் பெரியதை எடுங்கள். அதை எத்தனை நம்பர் கிடைத்ததோ அதனால் பிரித்து, அந்தப் பெரிய எண்ணோடு கூட்டி, ஒன்றைக் கழியுங்கள். வகுப்பில் ஒரு பைக்குள் 1 முதல் 50 வரை எழுதின துண்டுகளைப் போட்டு, மொத்தம் எத்தனை என்று சொல்லாமல் நான்கு துண்டு எடுக்கச் சொன்னேன். 9, 21, 34, 44 வந்தது. 44ஐ நான்கால் பிரித்தால் 11. கூட்டி ஒன்றைக் கழித்தால் 54. உண்மை 50. நான்கு துண்டை வைத்து இவ்வளவு கிட்ட வந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் நம்பவில்லை, திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். வரிசையாகக் குத்திய இலக்கம் எவ்வளவு பேசும் என்பதற்கு இது போதும்.

*நம்பரை அழித்தால்*

இது வாங்குபவர்களுக்கு. என்னிடம் படித்த ஒரு மகன் கட்டாரில் ஏழு வருஷம் உழைத்துவிட்டு வந்து ஒரு பெக்கோ வாங்கப் போனான். கையில் இருந்த காசு, உம்மாவின் நகை, மிச்சம் லீசிங். அட்வான்ஸ் கொடுக்க முன் "டீச்சர், நம்பர மட்டும் ஒருக்காப் பாருங்க" என்றான்.

எங்கள் நாட்டில் வாகனப் பதிவுப் புத்தகத்தில் செசி நம்பரும் இஞ்சின் நம்பரும் இருக்கும். புத்தகத்தில் உள்ள இஞ்சின் நம்பரின் கடைசியில் ஓர் எழுத்து இருந்தது. பிளொக்கில் அந்த எழுத்து இல்லை. பிளொக் முழுக்கக் கறுத்துப் பழசாக இருக்க, நம்பர் இருந்த இடம் மட்டும் மினுங்கியது. இலக்கங்கள் ஒரே கோட்டில் நிற்கவில்லை, ஒன்று மேலே, ஒன்று கீழே. அந்த இடத்தின் விளிம்பில் பழைய எழுத்தின் கால் ஒன்று மங்கலாகத் தெரிந்தது.

இஞ்சினை முறையாக மாற்றிவிட்டுப் புத்தகத்தில் பதியாமல் விட்டிருக்கலாம். அதற்கு வழி உண்டு, திணைக்களத்தில் போய்த் திருத்தலாம். ஆனால் மாற்றினவர் எதற்கு நம்பரைச் சீவ வேண்டும்? இதைத்தான் நான் கேட்டேன். விற்க வந்தவர், "பொம்புள டீச்சருக்கு இஞ்சினப் பத்தி என்ன தெரியும்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. மகனிடம் மட்டும் சொன்னேன்: "இந்த இஞ்சின் நாளைக்கு வேறொரு ஆளுடையது எண்டு வந்தா, மெசின் போகும், லீசிங் கடன் ஒங்களுக்கிட்டயே நிற்கும்." அவன் வாங்கவில்லை. மூன்று மாதம் கழித்து, நம்பரும் புத்தகமும் ஒத்துப் போகிற ஒன்றைக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு வாங்கினான். இப்போது ஓடுகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொருளின் குறையை மறைத்து விற்பது எங்களுக்கு ஆகாது என்பதை ஒவ்வொரு ஜும்ஆவிலும் கேட்கிறோம். இஞ்சின் மாறியிருந்தால் மாறியிருக்கிறது என்று சொல்லி விற்கலாம். வாங்குகிறவர் அதற்கேற்ற விலையைக் கொடுப்பார். சீவின நம்பர் மட்டும் யாருக்கும் பரக்கத்தைக் கொண்டுவராது.

*நம்பர் சொல்லாதது*

நம்பர் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். இஞ்சின் எங்கே, எப்போது, எதற்காகக் கட்டப்பட்டது என்பதை அது சொல்லும். அதற்குப் பிறகு யார் கையில் இருந்தது, எத்தனை தரம் பிரித்தார்கள், தண்ணீர் இல்லாமல் ஓடி ஹெட் வளைந்ததா என்பதெல்லாம் அதில் இல்லை. சிலிண்டரைப் பெரிதாக்கிப் போர் பண்ணியிருந்தால் பிஸ்டனின் தலையில் 20, 30 என்று அளவு குத்தியிருக்கும், கழற்றித்தான் பார்க்க வேண்டும். 1978 என்றதும் கிழடு என்று தள்ளவும் வேண்டாம், 1998 என்றதும் புதிது என்று பாயவும் வேண்டாம். நம்பரைப் பார்த்த பிறகு ஒரு நல்ல பாஸைக் கூட்டிப்போய் இஞ்சினைப் பாருங்கள். இரண்டும் வேண்டும்.

*நான் கேட்பது இவ்வளவுதான்*

மெசின் வைத்திருக்கிற சகோதரர்களே, இந்த வெள்ளிக்கிழமை லீவில் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். மண்ணெண்ணெய்த் துணி, பிரஷ், சோக். மெசின் நம்பர், இஞ்சின் நம்பர், டீசல் பம்பின் தகட்டில் உள்ள நம்பர், கியர் பொக்ஸ் நம்பர், எல்லாவற்றையும் எடுத்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். போட்டோவும் எடுத்து வையுங்கள். எப்போது வாங்கினது, என்ன பாகம் மாற்றினது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். வளவில் கிடக்கிற உதிரி இஞ்சினையும் விட்டுவிடாதீர்கள்.

அந்தக் கொப்பி எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் உள்ளவர்களிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். மகளிடமும் சொல்லுங்கள், மகனிடம் மட்டும் அல்ல. நீங்கள் வாங்கினது என்ன என்பது உங்களுக்குத் தெரியும். நாளைக்கு அதை விற்க வேண்டி வருகிறவர்களுக்குத் தெரியாது. அவர்கள் லொறிக்காரர் சொல்கிற விலையைக் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

வாசிக்க முடியாத நம்பர் இருந்தால், சோக் போட்டு, டோர்ச்சைச் சரித்துப் பிடித்து எடுத்த போட்டோவாக இன்பொக்ஸில் அனுப்புங்கள். மஃரிபுக்குப் பிறகு பார்த்துப் பதில் போடுகிறேன், இன்ஷா அல்லாஹ். புடைத்த எழுத்தை அனுப்ப வேண்டாம், குத்தின நம்பரை அனுப்புங்கள்.